நாற்பத்தேழில் முடியும் இலக்கம்

புதன்கிழமை, காலை 5.40

வவுனியா பஸ் நிலையத்தில் ஏறினேன். ஹொரவப்பொத்தானை வழியாகத் திருகோணமலை தொண்ணூற்றைந்து கிலோமீற்றர் சொச்சம். கட்டணம் நானூற்றறுபது ரூபாய். ஜன்னலோரம் கிடைத்தது. மடியில் மடிகணினி, காலடியில் புரொஜெக்டர், அதன் மேல் கொழும்பு நிறுவனம் கொடுத்துவிட்ட படிவக் கட்டு. அந்தக் கட்டைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பயணம் முழுக்க எனக்கு இருந்த கோபத்துக்கு அதுதான் காரணம்.

சிறு வியாபாரிகளுக்குக் கிளவுட் என்றால் என்ன என்று அடிப்படையிலிருந்து படிப்பிப்பது என் தொழில். எட்டு வருடமாகச் செய்கிறேன். உங்கள் கோப்புகள், படங்கள், கடிதங்கள் எல்லாம் உங்கள் கையிலிருக்கும் போனில் மட்டும் இல்லாமல் வேறெங்கோ உள்ள பெரிய கணினிகளிலும் இருக்கும். போன் உடைந்தாலும் அவை உடையாது. இவ்வளவுதான் சங்கதி. இதைச் சொல்வதற்கு நாற்பது படம் போட்டுக் காட்டச் சொல்வார்கள். நான் நாலுடன் நிறுத்துவேன்.

இந்த முறை சம்பளம் தருவது கொழும்பில் ஒரு மென்பொருள் நிறுவனம். இரண்டு நாள் வகுப்பு முடிந்ததும் ஆளுக்கொரு படிவத்தில் கையெழுத்து வாங்கி வரச் சொல்லியிருந்தார்கள். மூன்று பக்கம், முழுக்க ஆங்கிலம். பஸ்ஸில்தான் ஆறுதலாக வாசித்தேன். ஏழாவது பந்தியில் நின்றுவிட்டேன். வியாபாரியின் கணக்கை நிறுவனமே திறந்து, நிறுவனமே நிர்வகிக்கும் என்று இருந்தது. கோப்புகள் வியாபாரிக்குச் சொந்தம், சாவி மட்டும் கொழும்பில்.

அந்த நிறுவனத்தின் ஒருங்கிணைப்பாளருக்குப் போன் அடித்தேன். நித்திரைக் குரலில் எடுத்தார்.

“மிஸ், அந்த ஆக்களுக்கு இதெல்லாம் விளங்காது. நீங்க சைன் வாங்கினாச் சரி.”

“விளங்கப்படுத்தத்தானே என்னை அனுப்பியிருக்கிறீங்கள்?”

“அது சரிதான் மிஸ், ஆனா...”

ஹொரவப்பொத்தானையைத் தாண்டிய காட்டு வழியில் தொடர்பு அறுந்தது. அறுந்தது நல்லதென்று நினைத்துக்கொண்டு படிவக் கட்டைப் பையின் அடியில் வைத்து, மேலே மாற்றுச் சேலையை வைத்து மூடினேன்.

காலை 9.10

திருகோணமலை பஸ் நிலையம். சித்திரை வெயில் அந்த நேரத்துக்கே தலையில் ஏறியிருந்தது. மான்கள் இரண்டு கடலைச் சுருள் பேப்பரை மென்றுகொண்டு பஸ்ஸுக்கு வழிவிடாமல் நின்றன. சாரதி ஹோர்ன் அடித்தார், அவை அசையவில்லை. இந்த ஊரில் முதலில் எனக்குப் பிடித்தது அந்த மான்களைத்தான்.

அன்புவழிபுரத்துக்கு ஓட்டோ நானூறு என்றார் ஒருவர். பேரம் பேசவில்லை, புரொஜெக்டர் கனம்.

“என்ன அக்கா, படம் ஓட்டப் போறியளோ?” என்று கேட்டார்.

“இல்லை. கிளவுட் படிப்பிக்க வந்தனான்.”

“ஆருக்கு?”

“கடைக்காரருக்கு, மீன் வியாபாரிகளுக்கு.”

“அவைக்கு ஆர் படிப்பிக்கிறது? அவை உங்களுக்குப் படிப்பிச்சு அனுப்புவினம்” என்று சிரித்தார். இரண்டு நாளில் அது உண்மையாகப் போகிறது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

காலை 10.30

அன்புவழிபுரத்தில் கௌரி என்பவர் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் டியூட்டரியின் மண்டபத்தில்தான் வகுப்பு. இரண்டு இரவும் தங்குவது அவருடைய வீட்டிலேயே. வியாபாரிகள் பதினொரு பேர் வந்திருந்தார்கள். வலைக்கடைக்காரர், பேக்கரிக்காரி, உப்புவெளியில் விருந்தினர் அறை வைத்திருப்பவர் என்று பலவிதம். முன் கதிரையில் கிண்ணியாவைச் சேர்ந்த ஜவ்பர் நானா. ஐஸ் தொழிற்சாலை நடத்துகிறார். நான் இரண்டு வசனம் முடிக்கும் முன் கையை உயர்த்தினார்.

“மிஸ், எங்கட சாமான இன்னொருத்தன்ட ஊட்டுல கொண்டுபோய் ஏன் வைக்கணும்?”

எட்டு வருடத்தில் எல்லா ஊரிலும் இந்தக் கேள்வி வரும். ஆனால் இங்கே பின்னால் இருந்த பத்துப் பேரும் “அதானே” என்று சேர்ந்து சொன்னார்கள். நான் புரொஜெக்டரை நிறுத்தினேன்.

“சரி. உங்கள் காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், வள்ளப் பதிவு எல்லாம் எங்கே இருக்கு?”

“பேக்கில.”

“எந்தப் பேக்?”

ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள், இதுவும் ஒரு கேள்வியா என்பது போல. இந்த மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு ஒரு பிளாஸ்டிக் பை உண்டு. சண்டைக் காலத்தில் ஓடி ஓடிப் பழகியது, சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த பிறகு இன்னும் இறுகிப்போனது. அலுமாரிக்குள் வைப்பதில்லை, பூட்டுவதில்லை. கதவுக்குப் பக்கத்து ஆணியில், எழுந்து ஓடும் கைக்கு எட்டும் உயரத்தில் தொங்கும்.

“அந்தப் பேக்கே போயிட்டா?” என்றேன்.

“ஒரு போட்டோக் கொப்பி தோப்பூர்ல மச்சான்ட ஊட்டுல இரிக்கி” என்றார் ஜவ்பர் நானா.

“ஏன் தோப்பூர்?”

“கடலுக்குத் தூரம்.”

“நானா, நான் படிப்பிக்க வந்தது இதைத்தான். நீங்கள் ஏற்கெனவே செய்யிறியள்.”

 “அப்ப மச்சான் நல்லவனா இரிக்கணும்” என்றார் அவர். இதைவிடச் சுருக்கமாக ஒரு பாடத்திட்டமும் சொன்னதில்லை. நாற்பது படத்தில் முப்பத்தாறை அந்த இடத்திலேயே அழித்தேன்.

பகல் 12.00

தேநீருக்குப் பிறகு கடவுச்சொல் பாடம். கூடாத கடவுச்சொல்லுக்கு ஓர் உதாரணம் எழுதலாமென்று வெண்பலகையில் ஊரின் பெயரைச் சின்ன எழுத்தில் எழுதி, பின்னால் ஒன்று, இரண்டு, மூன்று என்று போட்டேன். “இப்படி ஒருநாளும் வைக்கக் கூடாது” என்று திரும்பினேன்.

 பேக்கரிக்காரி தன் போனைக் கவிழ்த்து வைத்தார். வலைக்கடைக்காரர் கூரையைப் பார்த்தார்.

“ஆருக்கு இது?” என்று கேட்டேன்.

பதினொரு கையும் உயர்ந்தன.

சிரிப்பதா தலையில் அடிப்பதா என்று தெரியவில்லை. அடுத்த கேள்வியைக் கேட்டேன். கடவுச்சொல்லை மறந்தாலோ புதுப் போனில் திறந்தாலோ, நீங்கள்தானா என்று உறுதிப்படுத்த ஒரு கோட் வரும். அது எந்த போன் இலக்கத்துக்கு வரும்? கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தைத் திறந்து கடைசி இரண்டு எண்ணை வாசிக்கச் சொன்னேன்.

“நாற்பத்தேழு” என்றார் ஜவ்பர் நானா.

“நாற்பத்தேழு” என்றார் பேக்கரிக்காரி.

“எனக்கும் அதுதான்.”

பதினொரு வியாபாரம், ஒரே இலக்கம். ஆர் இந்த நாற்பத்தேழு என்று கேட்டேன். எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்: “ரமணன்ர.”

ரமணன் உள்துறைமுக வீதியில் கொமினிகேசன் என்று போன் கடை வைத்திருந்த இளைஞன். எரிபொருள் தட்டுப்பாட்டில் பெற்றோலுக்குக் கியூஆர் அனுமதி எடுக்க அலைந்த காலத்தில் இவர்கள் எல்லோருக்கும் மின்னஞ்சல் திறந்து, கணக்கு ஏற்படுத்தி, படங்கள் தானாகவே சேரும்படி போனைச் சரிசெய்து கொடுத்தவன் அவன். யாருக்கும் நேரமில்லை, எல்லோருக்கும் அவன்மீது நம்பிக்கை. தன் இலக்கத்தையே கொடுத்துவிட்டான். இரண்டு வருடத்துக்கு முன் கட்டாருக்குப் போய்விட்டான். அவனுடைய சிம் கப்பல்துறையில் அவனுடைய அம்மாவின் பட்டன் போனில் இருக்கிறதாம்.

“கோட் வேணுமெண்டா அவன்ர அம்மா புஷ்பமக்காவுக்குப் போன் அடிப்பம். அவ இலக்கத்தை வாசிச்சுச் சொல்லுவா” என்றார் பேக்கரிக்காரி.

எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது. “உங்கள் பதினொரு பேரின் கடைச் சாவியையும் ஒரு வீட்டு ஆணியிலே தொங்கவிட்டு வைத்திருக்கிறீங்கள்!”

“ஏன் மிஸ் கோவிக்கிறியள்? ஒரு நாளும் பிழை வந்ததில்லை” என்றார் வலைக்கடைக்காரர். அவருக்கும் குரல் உயர்ந்திருந்தது. பாதுகாப்புத் தெரியாத சனம் என்று யாரும் தங்களைச் சொல்ல விடமாட்டார்கள் இவர்கள். சொல்லவும் கூடாது.

பிற்பகல் 1.15

சாப்பாட்டு வேளையில் சல்லியிலிருந்து வந்திருந்த தவமலர் என்னிடம் வந்தார். முப்பத்தெட்டு வயதிருக்கும். காலையிலிருந்து தனியாக ஒரு கேள்வியும் கேட்காதவர். ஆறு பெண்களை வைத்து மீன் வெட்டிச் சுத்தம் செய்து, ஐஸ் பெட்டியில் அடுக்கி ஹோட்டல்களுக்குக் கொடுக்கிறார்.

“மிஸ், என்ர போன் போன மாதம் கடலுக்குள்ள விழுந்திட்டுது. அதோட எல்லாப் படமும் போச்சுதுதானே?”

“என்ன படம்?”

நிலாவெளியில் ஒரு பெரிய ஹோட்டல் இந்தப் பருவத்துக்கு மீன் கொடுக்க ஆள் தேடுகிறது. கடந்த ஐந்து மாதமும் ஒவ்வொரு நாளும் மீன் எந்தக் குளிரில் இருந்தது என்பதற்குச் சான்று கேட்கிறார்கள். தவமலர் கார்த்திகையிலிருந்து தினமும் காலையில் ஐஸ் பெட்டிக்குள் வெப்பமானியை வைத்துப் படம் எடுத்திருக்கிறார். யாரும் சொல்லாமலே. போன் விழுந்த பிறகு எடுத்தவை மட்டும்தான் புதுப் போனில் இருந்தன. வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அதைக் காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் தம்புள்ளையிலிருந்து லொறியில் மீன் இறக்கும் ஒருவருக்குப் போய்விடும். கடலுக்கு நூறு மீற்றர் தள்ளியிருக்கும் ஹோட்டலுக்குக் கடலே இல்லாத ஊரிலிருந்து மீன்!

“படம் கடலுக்குள்ள போகேல்ல” என்றேன். “ரமணன் தானாகச் சேரும்படி செய்து வைத்தானென்றால் அவ்வளவும் கிளவுட்டில் இருக்கும்.”

தவமலர் என் கையைப் பிடித்தார். மீன் செதில் கீறிய, ஐஸில் மரத்துப்போன கை.

“மெய்தானோ மிஸ்?”

அவருடைய புதுப் போனில் கணக்கைத் திறந்தோம். கடவுச்சொல் தெரியும், அதுதான் ஊருக்கே தெரியுமே. கோட் நாற்பத்தேழுக்குப் போனது. தவமலர் கப்பல்துறைக்கு அடித்தார். ஒலிபெருக்கியில் கேட்டேன்.

“ஆர்?”

“சல்லி தவமலர், அக்கா. கோட் வந்ததோ?”

“வந்தது. தரமாட்டன்.”

“ஏன் அக்கா?”

“நேற்றுக் கொழும்பால ஒருத்தன் போன் எடுத்தவன். உங்கட ஆக்கள் எல்லாற்ற கணக்கையும் மாத்தப் போறம், கோட் வர வர எங்களுக்குச் சொல்லுங்கோ எண்டான். இனி எனக்குக் குரல் நம்பிக்கையில்லை. முகம் காட்டினாத்தான் கோட். வாறதெண்டா வா.”

தொடர்பைத் துண்டித்தார். மண்டபத்தில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். வகுப்புக்குப் பெயர் பதிந்தபோது இவர்கள் எல்லோரும் தொடர்பு இலக்கமாக நாற்பத்தேழையே கொடுத்திருக்கிறார்கள். என்னை அனுப்பிய நிறுவனம், நான் பஸ் ஏறும் முன்பே, கையெழுத்துக்கும் முன்பே, கதவைத் தட்டிப் பார்த்திருக்கிறது.

பையின் அடியிலிருந்த படிவக் கட்டை எடுத்து மேசையில் போட்டேன். ஏழாவது பந்தியைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். வேலை போனால் போகட்டும் என்றும் சொன்னேன், கொஞ்சம் சத்தமாகவே.

ஜவ்பர் நானா ஒரு படிவத்தை எடுத்து, மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேசைக் காலுக்கு அடியில் வைத்தார். “நாளைக்கி என்ட லொறி இரிக்கி. எல்லாரும் கப்பல்துறைக்குப் போவம்” என்றார்.

வியாழக்கிழமை, காலை 8.00

கண்டி வீதியில் கப்பல்துறை பத்துக் கிலோமீற்றர் அளவு. ஐஸ் லொறியின் பின்தட்டில் சாக்கு விரித்து ஒன்பது வியாபாரிகள். முன்னால் ஜவ்பர் நானா, தவமலர், நான். இரண்டாம் நாள் வகுப்பு நேர அட்டவணையில் “இணையப் பாதுகாப்பின் எதிர்காலம்” என்று இருந்தது. அதை நான் சீனக்குடாச் சந்தியில் காற்றோடு விட்டேன்.

 வழியில் தவமலர், “படம் வராட்டி அந்த ஆறு பேருக்கும் நான் என்ன சொல்லுறது மிஸ்?” என்றார். வரும் என்று சொன்னேன். உள்ளுக்குள் எனக்கும் பயம்தான். போன் தானாகச் சேர்ப்பதை இடையில் யாராவது நிறுத்தியிருந்தால் ஒன்றும் இருக்காது.

புஷ்பராணி அக்காவின் வீட்டு முன் விறாந்தையில் தையல் மெஷின். அவர் ஓட்டோக்களுக்குச் சீற் கவர் தைக்கிறவர். சிவப்பும் கறுப்புமாய் றெக்சின் துணிக் குவியலுக்கு நடுவில் இருந்தார். கழுத்தில் தாலிக்கொடியோடு இன்னொரு கயிறு. அதில் துணிப் பை, பைக்குள் பட்டன் போன். லொறியிலிருந்து பதினொரு பேரும் இறங்குவதைப் பார்த்து மெஷினை நிறுத்தினார்.

“ஒராள் ஒராளா வாங்கோ” என்றார். நாங்கள் வணக்கம் சொல்வதற்கும் இடம் தரவில்லை.

வேலையைச் சுருக்கலாமென்று நான் கையை நீட்டினேன். “அக்கா, போனைத் தாங்கோ, நான் வாசிக்கிறன்.”

“நீங்கள் ஆர்?”

“வகுப்பு எடுக்கிற மிஸ்.”

“மிஸ் எண்டாப்போல? உங்களை எனக்குத் தெரியாது. அங்கால கதிரையில இருங்கோ.”

போய் இருந்தேன். எட்டு வருடமாக, தெரியாதவரிடம் கோட் சொல்லாதீர்கள் என்று ஊர் ஊராகக் கத்துகிறேன். முதல்முறையாக ஒருவர் அதை என்மீதே பிரயோகித்தார். அவமானமாகத்தான் இருந்தது. சந்தோசமாகவும் இருந்தது.

தவமலர் முன்னால் போனார். புஷ்பமக்கா கண்ணாடியைப் போட்டு அவருடைய முகத்தைப் பார்த்தார்.

“சல்லியில ஆற்ற மகள்?”

“வள்ளச் சம்மாட்டி அருளப்பற்ற இளைய மகள்.”

“கொப்பர் என்ர மனுசனோட கடலுக்குப் போனவர். மூக்கு அவற்ற மூக்குத்தான்.” பையிலிருந்து போனை எடுத்தார். “இப்ப அமத்து.”

தவமலர் தன் போனில் கோட் கேட்கும் இடத்தை அமத்தினார். பட்டன் போன் கூவியது. புஷ்பமக்கா போனைக் கையில் வைத்துத் தூரப் பிடித்து ஆறு இலக்கத்தையும் ஒவ்வொன்றாக வாசித்தார். தவமலர் அவசரத்தில் மூன்றாவது இலக்கத்தைப் பிழையாகப் போட்டார். மறுபடியும் அமத்தினார், மறுபடியும் கூவியது, மறுபடியும் வாசித்தார்.

திரை வெள்ளையாக நின்றது. பிறகு சின்னச் சின்னச் சதுரங்களாகப் படங்கள் இறங்கத் தொடங்கின. ஐஸ் பெட்டி, வெப்பமானி. ஐஸ் பெட்டி, வெப்பமானி. பங்குனி, மாசி, தை என்று பின்னோக்கி ஓடிக் கார்த்திகையில் போய் நின்றது. தவமலர் ஓவென்று அழுதார். பேக்கரிக்காரி அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தானும் அழுதார். நான் கதிரையிலிருந்து எழும்பினேன், புஷ்பமக்கா பார்த்த பார்வையில் திரும்ப இருந்தேன்.

காலை 10.15

ஆறாவது ஆளுக்குக் கோட் வாசித்துக்கொண்டிருந்தபோது பட்டன் போன் வேறு விதமாக ஒலித்தது. கொழும்பு ஒருங்கிணைப்பாளர். எனக்கு அடித்து நான் எடுக்காததால் அங்கே அடித்திருக்கிறார். புஷ்பமக்கா எடுத்தார்.

“அம்மா, நாங்க முந்தநாள் பேசினது...”

“ஓம், ஞாபகம் இருக்கு. தம்பி, உமக்கு என்ன பேர்?”

பெயரைச் சொன்னார்.

“ஆற்ற பிள்ளை?”

கொழும்புக்காரர் நிறுவனத்தின் பெயரைச் சொன்னார்.

“இஞ்ச எல்லாரும் வந்து என்ர வீட்டு முத்தத்தில நிக்கினம். தங்கட சாமானைத் தாங்களே பாக்கினமாம். உமக்குக் குடுக்க ஏலாது. என்ர மகன் கேட்டாலே முகம் காட்டச் சொல்லித்தான் கேப்பன்” என்று சொல்லி வைத்துவிட்டார். பிறகு ஜவ்பர் நானாவைப் பார்த்து, “அடுத்த ஆள்” என்றார்.

பதினொரு பேரும் தங்கள் தங்கள் இலக்கத்தைப் போட்டு, கடவுச்சொல்லையும் மாற்றிக்கொண்டார்கள். முற்றத்தில் ஆளுக்கொரு மூலையில், சுவரைப் பார்த்து, போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்கள். ரமணனுக்கும் கட்டாருக்கு ஒரு குரல்செய்தி அனுப்பினார்கள், கோபத்தில் அல்ல, நன்றி சொல்லி. அவன் அவர்களுக்குச் செய்தது உதவிதான். கோளாறு அவன் நல்லவனாக இருந்ததில்தான் தொடங்கியது. நல்லவனிடம் யாரும் சாவியைத் திருப்பிக் கேட்பதில்லை.

எல்லாம் முடிந்ததென்று பையைத் தூக்கினேன்.

“மிஸ், இப்ப இஞ்ச வாங்கோ” என்றார் புஷ்பமக்கா. “ஊரில உள்ள ஆக்களின்ர எல்லாம் நான் காத்தனான். எனக்கெண்டு ஒண்டும் இல்லை. ஒண்டு திறந்து தாங்கோ.”

“எதை வைக்கப் போறியள் அக்கா?”

அவர் உள்ளே போய்ப் பேப்பர்க் கட்டொன்றைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு வகை ஓட்டோவுக்கும் சீற் கவர் வெட்டும் அளவு. இருபத்தைந்து வருடமாகத் தானே வெட்டித் திருத்திய அச்சுகள், ஓரம் கரையான் தின்றவை. மகன் வாங்கி அனுப்பிய தொடுதிரைப் போன் பெட்டிக்குள்ளேயே இருந்தது. கணக்கைத் திறந்தேன். கடவுச்சொல் போடும் இடம் வந்தது. எப்படி வைக்க வேண்டும் என்று விளக்கி முடித்தேன்.

“விளங்கிச்சுது. அங்கால திரும்புங்கோ” என்றார்.

திரும்பினேன். கண்டி வீதியில் பஸ் ஒன்று போனது. சீனக்குடாப் பக்கமிருந்து லொறிகள் இரண்டு போயின. ஒவ்வோர் எழுத்தாக அவர் தேடி அமத்தும் சத்தம் பின்னால் நெடுநேரம் கேட்டது.

வெள்ளிக்கிழமை, காலை 8.50

நிலாவெளி ஹோட்டலுக்குத் தவமலருடன் நானும் போனேன். பேசுவதில்லை என்ற நிபந்தனையில் என்னைக் கூட்டிப்போனார். முகாமையாளர் திருகோணமலைக்காரர், தமிழர், கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். சமையல் பொறுப்பாளர் சிங்களவர். தவமலருக்குச் சிங்களம் நன்றாக வரும்.

சமையல் பொறுப்பாளர் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினார். மார்கழியில் ஒரு படத்தில் நின்றார். பெட்டியில் ஐஸும் வெப்பமானியும் மட்டும்தான், மீன் இல்லை. அடுத்த நாளும் அப்படி, அதற்கடுத்த நாளும்.

மீனில்லாத பெட்டியை எதற்காகப் படம் எடுத்தாய் என்று சிங்களத்தில் கேட்டார்.

அந்த மூன்று நாளும் கடல் கொந்தளிப்பு, வள்ளம் இறங்கவில்லை என்றார் தவமலர். மீன் இல்லாத நாளைக் காட்டாமல் விட்டால், பழைய மீனை விற்றேன் என்றுதானே நீங்கள் நினைப்பீர்கள்?

சமையல் பொறுப்பாளர் போனை மேசையில் வைத்தார். முகாமையாளரிடம் திரும்பி, இந்த அம்மாவிடமே எடுப்போம் என்றார். 

முகாமையாளர் ஒரு தாளை முன்னால் தள்ளினார். “அப்ப திங்கக்கிழமை தொடங்குங்கோ. இதில உங்கட கணக்கின்ர பெயரையும் பாஸ்வேர்டையும் எழுதிவிடுங்கோ. எங்கட ஆள் ஒவ்வொரு நாளும் பாக்க வேணும்.”

நான் வாயைத் திறந்தேன். தவமலர் என் காலை மிதித்தார்.

“பாஸ்வேர்ட் தர ஏலாது சேர்.”

“எல்லாரும் தாறவை.”

“நான் தரமாட்டன். உங்களுக்குத் தெரியவேண்டிய படம் உங்கட போனுக்கு வரும். பாக்கலாம். தொட ஏலாது.”

நேற்றுப் பிற்பகல் கப்பல்துறை முற்றத்தில் கடைசிப் பாடமாக நான் சொன்னது அது. கோப்பைப் பகிரும்போது பார்வையிட மட்டும் அனுமதி கொடுப்பது எப்படி என்று பத்து நிமிடம் விளக்கினேன். தவமலர் அதை இரண்டு சின்ன வசனத்தில் முடித்தார். முகாமையாளருக்குப் பிடிக்கவில்லை. தாளைத் திருப்பி எடுத்தார், பேனாவை மூடினார், ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்றே நினைத்தேன். தவமலர் கண்ணைத் தாழ்த்தவில்லை.

“சரி, இலக்கத்தை எழுதுங்கோ” என்று தன் போனை நீட்டினார் முகாமையாளர். தவமலர் தன் சொந்த இலக்கத்தை எழுதினார்.

முற்பகல் 11.20

திருகோணமலையிலிருந்து வவுனியா பஸ். கொழும்பிலிருந்து அழைப்பு வந்தது.

“மிஸ், எத்தனை பேர் சைன் பண்ணினவங்க?”

“ஒருத்தரும் இல்லை.”

“பதினொரு பேரில ஒருத்தரும் இல்லையா?”

“பன்னிரண்டு பேர். ஒருத்தரும் இல்லை.”

இனி என்னைக் கூப்பிட மாட்டார்கள். இரண்டு நாள் சம்பளமும் சிக்கல்தான். வருத்தமில்லை என்று சொன்னால் பொய், ஆனால் திரும்பவும் போகச் சொன்னால் இதையேதான் செய்வேன். எந்த ஊருக்குப் போனாலும், சனத்துக்கு விளங்காது என்று முன்கூட்டியே சொல்பவர்கள் அந்த ஊருக்கு வந்திருக்க மாட்டார்கள் என்பதைக் கண்டிருக்கிறேன். திருகோணமலையில் விளங்காத ஆள் ஒருவரையும் நான் சந்திக்கவில்லை. சாவியை இனி யார் வைத்திருப்பது என்பதை மட்டும்தான் அவர்கள் மாற்றினார்கள்.

பஸ் நகரத்தை விட்டு வெளிக்கிட்டதும் சும்மா என் சொந்தக் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தைத் திறந்தேன். எட்டு வருடமாக மற்றவர்களைத் திறக்கச் சொல்லும் பக்கம். கோட் போகும் இலக்கத்தின் கடைசி இரண்டு எண்ணைப் பார்த்தேன். அது என்னுடையது அல்ல, என் கணவருடையது. முதல் போன் வாங்கிய அன்று அவர்தான் எல்லாம் சரிசெய்து தந்தார்.

என் கணவர் நல்ல மனிதர். ரமணனும் நல்ல பெடியன்தான். பன்குளம் வருவதற்குள் இலக்கத்தை மாற்றிவிட்டேன். வீட்டில் ஏன் என்று கேட்டால் சொல்வேன், கேட்காவிட்டாலும் சொல்வேன்.